கோப்பையும் இல்லை, நாரிஸ் விருதும் இல்லை: பெர்யே சால்மிங்கை எந்த வரிசையில் வைப்பது?

#1 நீலக்கோடு

சென்ற வாரம் இன்னோர் இழையில் ஒருவர், “ஸ்டான்லி கோப்பையைத் தொடாதவனை எல்லாம் ஜாம்பவான் என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம்” என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். அவர் குறிவைத்தது ஐஸ் ஹாக்கித் தடுப்பாட்டக்காரர் பெர்யே சால்மிங்கை. (ஸ்டான்லி கோப்பை என்பது வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீகை வெல்லும் அணிக்குக் கிடைப்பது.) அங்கேயே மல்லுக்கட்டினால் அந்த இழை பாழாகும். எனவே இங்கே.

ஆளைத் தெரியாதவர்களுக்கு முதலில் நாலு வரி. 1951 ஏப்ரல் 17 அன்று, ஸ்வீடனின் வடகோடியில் கிருனாவை அடுத்த சால்மி என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை சாமி என்ற பழங்குடி வழிவந்தவர். பெர்யேவுக்கு ஐந்து வயதிருக்கும்போது சுரங்க விபத்தில் தந்தை இறந்துபோனார். அண்ணன் ஸ்டிக்கின் பின்னாலேயே ஹாக்கிக்கு வந்தார். யேவ்லே நகரின் பிரினேஸ் அணியோடு 1971, 1972 என அடுத்தடுத்து ஸ்வீடன் சாம்பியன் பட்டம். 1973இல் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். அங்கே 16 பருவங்கள், கடைசியாக டெட்ராய்டில் ஒன்று. மொத்தம் 1,148 என்.எச்.எல். ஆட்டங்கள், 150 கோல்கள், 637 அசிஸ்ட்கள் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்கள்). இவற்றில் 620 அசிஸ்ட்கள் லீஃப்ஸுக்காக. அந்த அணியின் வரலாற்றில் அதைத் தாண்டியவர் இன்றுவரை கிடையாது. கவனியுங்கள், இது தடுப்பாட்டக்காரர்களுக்குள் மட்டும் நடந்த போட்டி அல்ல. முன்கள ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கட்சி இதுதான்: எல்லாக் காலத்திலும் சிறந்த பத்துத் தடுப்பாட்டக்காரர்களில் சால்மிங்குக்கு இடம் உண்டு. கோப்பை அணிக்குக் கிடைப்பது. அணிக்கு ஆட்களை வாங்குவதும் விற்பதும் உரிமையாளர் வேலை. அவர் செய்த கூத்துக்கு ஆட்டக்காரரைத் தண்டிப்பது என்ன நியாயம்?

#2 கணக்கன்

நீலக்கோடு, உணர்ச்சி ததும்புகிறது. கொஞ்சம் கணக்கையும் பார்ப்போம்.

லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரருக்குத் தரும் நாரிஸ் விருதுக்கான வாக்கெடுப்பில் சால்மிங் இரண்டாமிடம் பிடித்தது இரண்டு முறை: 1977, 1980. இரண்டு முறையும் வென்றவர் மொன்ட்ரியலின் லாரி ராபின்சன். பெருமைதான், மறுக்கவில்லை. அப்படியானால் அதே காலத்துத் தடுப்பாட்டக்காரர் பிராட் பார்க்கை எங்கே வைப்பீர்கள்? அவர் ஆறு முறை இரண்டாமிடம். நான்கு முறை பாஸ்டனின் பாபி ஓர் குறுக்கே நின்றார், இரண்டு முறை நியூயார்க் ஐலண்டர்ஸின் டெனிஸ் பொட்வின். அவருக்கும் கோப்பை கிடையாது. 1,113 ஆட்டங்களில் 896 புள்ளிகள் (கோலும் அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு). சால்மிங்குக்கு 1,148 ஆட்டங்களில் 787. பார்க் ஆடிய 17 பருவங்களிலும் அவருடைய அணி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றை எட்டியது. சால்மிங் வாழ்நாளில் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களே மொத்தம் 81தான்.

பார்க்குக்காக இங்கே யாராவது இழை திறந்ததுண்டா? இல்லை. சால்மிங் டொராண்டோவில் ஆடினார், கனடாவின் பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் அந்த ஊரில் குவிந்து கிடக்கின்றன. காரணம் அவ்வளவுதான்.

#3 நீலக்கோடு

பார்க் ஆடியது நியூயார்க்கிலும் பாஸ்டனிலும். அவை என்ன பத்திரிகை போகாத பட்டிக்காடுகளா?

#4 புதியவள்77

வணக்கம். நான் அண்மையில்தான் ஹாக்கி பார்க்கத் தொடங்கினேன். அடிப்படைக் கேள்வி ஒன்று, சிரிக்காதீர்கள். தடுப்பாட்டக்காரர் என்றால் எதிரணி கோல் போடாமல் தடுப்பவர்தானே? அவருக்கு 150 கோல், அறுநூற்றுச் சொச்சம் அசிஸ்ட் எப்படி வரும்? அப்படி முன்னால் ஓடிக்கொண்டே இருந்தால் பின்னால் யார் காவல்?

#5 தோட்டத்து ரசிகன்

தங்கச்சி, சிரிக்க இதில் ஒன்றுமில்லை. நல்ல கேள்வி. நான் 1987இல் ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய நாட்களில் எனக்கும் இதே குழப்பம்தான் இருந்தது. சனி இரவுகளில் உணவகச் சமையலறையில் வேலை. அங்கே சுவரில் தொங்கிய சின்னத் தொலைக்காட்சியில் லீஃப்ஸ் ஆட்டம் ஓடும். பாத்திரம் கழுவிக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்துப் பார்த்துப் படித்த பாடம் இது.

பனித்தளத்தில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர்: கோல்காப்பாளர், மூன்று முன்கள ஆட்டக்காரர்கள், இரண்டு தடுப்பாட்டக்காரர்கள். முக்கால் நிமிடத்துக்கு ஒரு தடவை ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) நம் பக்கத்து மூலைக்குள் தள்ளிவிட்டுத் துரத்தி வரும். முதலில் அதை எடுக்கப் போவது தடுப்பாட்டக்காரர். முகம் சுவரைப் பார்த்திருக்கும், முதுகுக்குப் பின்னால் 90 கிலோ ஆள் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பான். பக்கைத் தொடுவதற்கு முன்பே தோளுக்கு மேலால் ஒரு பார்வை பார்த்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒரு நொடிக்குள் சரியான ஆளுடைய மட்டைக்குப் பாஸ். அந்தப் பாஸ் சரியாகப் போனால் தாக்குதல் அங்கேயே பிறந்துவிடும். தவறினால் நம் கோல்காப்பாளரைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

அதற்குப் பிறகு எதிரணியின் பக்கத்துக்கு எல்லையான நீலக் கோட்டருகே நின்று பக்கை வெளியேற விடாமல் பிடித்து வைப்பதும் இவர்கள் வேலைதான். தூரத்திலிருந்து அடிப்பார்கள், முன்னால் நிற்பவர் அதைத் திசை திருப்பிக் கோலாக்குவார். அசிஸ்ட்கள் குவிவது இப்படித்தான். தானே பக்கை எடுத்துக்கொண்டு களம் முழுக்கப் பாய்ந்து போவதை வழக்கமாக்கியவர் பாபி ஓர். ஓர் போகும்போது கூட்டாளி பின்தங்கி நிற்பார். சால்மிங்கும் அந்த வகைதான். ஒரு வித்தியாசம், சால்மிங் அதே வேகத்தில் திரும்பியும் வருவார்.

#6 புதியவள்77

மிக்க நன்றி ஐயா. இதை எந்தக் காணொளியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

#7 வடக்குவாசல்

ஸ்டாக்ஹோமிலிருந்து எழுதுகிறேன். கணக்கன் தம்பியின் எண்கள் எல்லாம் சரி. ஆனால் அவை 1973 என்ற ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சால்மிங்குக்கு முன் ஸ்வீடனிலிருந்து போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். உல்ஃப் ஸ்டெர்னர் 1965இல் நியூயார்க் ரேஞ்சர்ஸுக்காக நான்கே ஆட்டங்கள் ஆடிவிட்டு ஊர் திரும்பினார். தோமி பெரிமன் 1972இல் டெட்ராய்டுக்குப் போனார். ஐரோப்பியர்களால் சிறிய களத்தில், அடிதடிக்கு நடுவில் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அங்கே வேதவாக்கு.

லீஃப்ஸின் தேர்வாளர் ஜெரி மெக்னமாரா ஸ்வீடனுக்கு வந்தது சால்மிங்கைப் பார்க்கவே அல்ல. குர்ட் லார்சன் என்ற கோல்காப்பாளரைப் பார்க்க வந்தார். லார்சனுக்குக் காயம். வந்ததற்கு ஏதாவது பார்ப்போம் என்று யேவ்லேவுக்குப் போனார். அங்கே கனடாவிலிருந்து வந்திருந்த பேரி ஃப்ளையர்ஸ் அணியோடு பிரினேஸுக்கு ஆட்டம். கனடாக்காரர்கள் வழக்கம்போல் முரட்டடி அடித்தார்கள், சால்மிங் பதிலுக்குப் பதில் கொடுத்தார், கடைசியில் நடுவரோடும் மோதி வெளியேற்றப்பட்டார். மெக்னமாரா நேரே உடைமாற்றும் அறைக்குப் போய்த் தன் முகவரி அட்டையை நீட்டினாராம். நம் ஊரில் நடுவரோடு மோதினால் வேலை போகும். இவருக்கு வேலை கிடைத்தது.

அதே ஆட்டத்தில் மெக்னமாரா கண்டெடுத்த இன்னொருவர் இங்கே ஹாமர்ஸ்ட்ரோம். இருவரும் ஒன்றாகவே லீஃப்ஸில் சேர்ந்தார்கள்.

#8 பனிப்பூனை

ஓ, லீஃப்ஸ் உரிமையாளர் ஹெரல்ட் பல்லார்ட் சால்மிங்கைப் பற்றிச் சொன்ன முட்டைக் கதை நினைவுக்கு வருகிறது! சட்டைப் பையில் ஆறு முட்டையை வைத்துக்கொண்டு மூலைக்குள் புகுந்தாலும் ஒன்றுகூட உடையாமல் வெளியே வருவான் என்றாரே. அந்த அளவுக்கு மோதலுக்குப் பயந்தவர் எப்படிப் பெரிய தடுப்பாட்டக்காரர் ஆவார்?

#9 வடக்குவாசல்

அந்தக் கேலி ஹாமர்ஸ்ட்ரோமைப் பற்றியது. சால்மிங்கைப் பற்றியது அல்ல. ஆளாளுக்கு மாற்றிச் சொல்லிச் சொல்லி சால்மிங் தலையில் ஏற்றிவிட்டார்கள். சொந்த அணியின் ஆட்டக்காரரைப் பற்றி உரிமையாளரே இப்படிப் பேசினார் என்றால், எதிரணியினர் பனியில் என்னவெல்லாம் சொல்லியிருப்பார்கள்? “கோழை ஸ்வீடன்காரன்” என்று அரங்கத்துக்கு அரங்கம் கத்தினார்கள்.

#10 நீலக்கோடு

வடக்குவாசல் அக்கா எடுத்துக் கொடுத்த இடத்திலிருந்து தொடர்கிறேன்.

1973 அக்டோபர் 10, சால்மிங்கின் முதல் ஆட்டம், பஃபலோவுக்கு எதிராக, சொந்த அரங்கில் வெற்றி. அடுத்த ஆட்டமே பிலடெல்பியாவில். அந்த ஊரின் ஃப்ளையர்ஸ் அணிக்கு (பேரி அணி வேறு) அந்தக் காலத்தில் அடியாட்கள் கூட்டம் என்றே பெயர். 1974, 1975 இரண்டு ஆண்டும் கோப்பையை வென்றவர்களும் அவர்களே என்பதை மறக்க வேண்டாம். அடித்தால் ஜெயிக்கலாம் என்று மொத்த லீகும் நம்பிய நேரம். புதிதாக வந்த ஸ்வீடன்காரன் எத்தனை அடி தாங்குவான் என்று சோதிப்பது அவர்களுக்கு ஒரு விளையாட்டு. மட்டையால் கணுக்காலில் வெட்டுவது, பக் போன பிறகு முழங்கையை முகத்தில் இறக்குவது, சுவரோடு நசுக்குவது. முதல் பருவத்தின் முடிவில் இவருக்கு 39 புள்ளிகள்.

இதன் உச்சம் 1976 காலிறுதி. மூன்றாவது ஆட்டத்தில் மெல் பிரிட்ஜ்மன் சால்மிங்கைப் பிடித்து வைத்துச் சரமாரியாகக் குத்தினார். சால்மிங்குக்கு சண்டைக்காரப் பழக்கமே கிடையாது, ஊரில் யாரும் அப்படிக் குத்திக்கொள்வதில்லை. அன்றைய ஆட்டத்தின் அட்டூழியத்தைப் பார்த்த ஒன்டாரியோவின் அட்டர்னி ஜெனரல் ராய் மெக்மர்ட்ரி, பிரிட்ஜ்மன் உள்ளிட்ட ஃப்ளையர்ஸ் ஆட்டக்காரர்கள்மீது வழக்கே போட்டார். ஹாக்கி ஆட்டத்துக்காக மாநில அரசு நீதிமன்றம் போன கதை!

இரண்டு நாள் கழித்து ஏப்ரல் 17. சால்மிங்குக்கு 25ஆவது பிறந்தநாள். வீங்கிய முகத்தோடு அதே அரங்கில், அதே அணிக்கு எதிராக இறங்கி, தனியாகப் பாய்ந்து போய் கோல்காப்பாளர் பெர்னி பேரன்ட்டைத் தாண்டிக் கோல் போட்டார். லீஃப்ஸ் 4–3 என வென்றது. தொடர் ஏழாவது ஆட்டம்வரை போய்த்தான் தோற்றார்கள். கணக்கன் சொன்ன 81 பிளேஆஃப் ஆட்டங்களில் இதுவும் ஒன்று. அட்டவணையில் இது வெறும் “1 கோல்”.

#11 கணக்கன்

கதை பிரமாதம். ஆனால் நான் கேட்டது அவருடைய துணிச்சலைப் பற்றி அல்ல. துணிச்சலுக்கு என் ஓட்டும் உண்டு.

நீங்களே பிளேஆஃப் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன். அந்தக் காலத்து லீஃப்ஸின் மிகப் பெரிய வெற்றி எது? 1978 காலிறுதியில் நியூயார்க் ஐலண்டர்ஸை ஏழு ஆட்டங்களில் சாய்த்தது. ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் லானி மெக்டொனால்ட் கோல். அந்த ஆட்டத்தில் சால்மிங் ஆடவில்லை. நான்காவது ஆட்டத்திலேயே மட்டை கண்ணருகில் பட்டு வெளியேறிவிட்டார். அவர் இல்லாமல்தான் பொட்வினின் அணியை வென்றார்கள். பின்களத்தைத் தாங்கியவர் இயன் டர்ன்புல்.

#12 நீலக்கோடு

டர்ன்புல் திறமையானவர்தான். 1977இல் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்த ஒரே தடுப்பாட்டக்காரர். அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. அவர் அப்படி முன்னால் ஓடி ஆட முடிந்ததற்குப் பின்னால் யார் நின்றார்கள் என்று யோசித்தீர்களா? சரி, ஐலண்டர்ஸைத் தாண்டிய பிறகு என்ன ஆயிற்று? அரையிறுதியில் மொன்ட்ரியல் நாலு ஆட்டத்திலும் அடித்து அனுப்பியது. சால்மிங் இல்லாத லீஃப்ஸ் அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்களுக்குப் பிடித்த எண்ணிலேயே வருகிறேன். அவர் பனியில் நிற்கும்போது அணி போட்ட கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் வரும் கணக்கு. பவர்பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) கோல்கள் இதில் சேராது. சால்மிங்கின் என்.எச்.எல். வாழ்க்கை மொத்தத்துக்கும் கூட்டல் 175. அவர் ஆடிய லீஃப்ஸ் 1984–85இல் 80 ஆட்டங்களில் 20 மட்டுமே வென்று லீகிலேயே கடைசியாக நின்ற அணி. அப்படிப்பட்ட அணியோடு பல ஆண்டு குப்பை கொட்டியும் கூட்டலில் முடிப்பது லேசா?

#13 கணக்கன்

கூட்டல் 175 நல்ல எண். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அதில் பெரும்பகுதி எழுபதுகளில், கேப்டன் டேரில் சிட்லரும் மெக்டொனால்டும் முன்னால் ஆடியபோது சேர்ந்தது.

#14 நீலக்கோடு

அப்படி ஓர் அணியை உடைத்தது யார்? 1979இல் பன்ச் இம்லக்கைப் பொது மேலாளராகத் திரும்ப அழைத்து வந்தார்கள். வந்த சில மாதங்களில் மெக்டொனால்டைக் கொலராடோவுக்கு விற்றார். சிட்லர் சட்டையிலிருந்து கேப்டன் எழுத்தைத் தானே பிய்த்துப் போட்டார், பிறகு அவரும் போனார். எல்லாவற்றுக்கும் மேலே பல்லார்ட். சால்மிங் மட்டும் 1989வரை அந்த வீட்டிலேயே இருந்தார். என்னைக் கேட்டால் எழுபதுகளின் முடிவிலேயே வேறு அணிக்குப் போயிருக்க வேண்டும். விசுவாசம் அவருடைய கோப்பையைத் தின்றுவிட்டது. இதில் மட்டும் எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு.

#15 பனிப்பூனை

எல்லாரும் புகழ்கிறீர்கள். 1986 விவகாரத்தை யாரும் தொடவில்லையே? முன்பு கொக்கெய்ன் எடுத்ததாகப் பேட்டியில் அவரே சொன்னார், லீக் தடை விதித்தது. புனிதர் பட்டம் கட்டும் முன் இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

#16 வடக்குவாசல்

பேசுவோம், மறைக்க என்ன இருக்கிறது? பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததை அவராகவே வெளியே சொன்னார். லீக் தலைவர் ஜான் ஜீக்லர் ஒரு பருவம் முழுக்கத் தடை என்று அறிவித்து, பிறகு எட்டு ஆட்டங்களாகக் குறைத்தார். யாரும் பிடிக்காமல் தானே ஒப்புக்கொண்டவருக்குத் தண்டனை, வாயை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு எதுவுமில்லை. இதிலிருந்து மற்ற ஆட்டக்காரர்கள் என்ன பாடம் படித்திருப்பார்கள்?

#17 மட்டுறுத்துநர்

போதைப்பொருள் பற்றிய பொது விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்ளவும். வேண்டுமானால் பொதுப்பகுதியில் தொடரலாம்.

#18 தோட்டத்து ரசிகன்

அதே 1986ஆம் ஆண்டு நவம்பர் 26. டெட்ராய்டுக்கு எதிரான ஆட்டம். கோலுக்கு முன்னால் தள்ளுமுள்ளு, சால்மிங் பனியில் விழுந்து கிடக்கிறார். டெட்ராய்டின் ஜெரார்ட் கலன்ட் தடுமாறி அவர்மேல் கால் வைத்துவிட்டார். வேண்டுமென்று செய்ததல்ல. ஸ்கேட்டின் கத்தி வலக்கண்ணுக்கு மேலிருந்து வாய்வரை முகத்தைக் கிழித்தது. 200க்கும் மேற்பட்ட தையல். கண் தப்பியதே பெரிய புண்ணியம். அந்தப் படத்தை இணையத்தில் தேட வேண்டாம் தங்கச்சி, சாப்பாடு இறங்காது.

நான் வந்து அவரைப் பார்த்தது இதற்குப் பிறகுதான். 36 வயது. வேகம் குறைந்திருந்தது, முகத்தில் தழும்பு. ஆனால் எதிரணிக்காரன் அடிக்க மட்டையை ஓங்கியதும் முழு உடம்பையும் நீட்டிப் பக்கின் குறுக்கே பனியில் விழுவார். அதைச் செய்வதற்கு நேரம் தெரிய வேண்டும். முந்தி விழுந்தால் அவன் சுற்றிக்கொண்டு போய்விடுவான். பிந்தி விழுந்தால் பக் பல்லில் படும். தையல் போட்ட முகத்தோடு ஒருவன் மறுபடியும் அதே இடத்தில் விழுகிறான் என்றால் அதைப் பைத்தியம் என்பதா, வீரம் என்பதா? எங்கள் சமையலறையில் இரண்டு கட்சியும் இருந்தது. 1988இல் ஆயிரமாவது ஆட்டம் ஆடினார். ஐரோப்பாவில் ஆட்டம் பழகி வந்தவர்களில் அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள் அவர்.

#19 கணக்கன்

சரி, பார்க்கை விடுங்கள். ஸ்வீடனுக்குள்ளேயே வைத்துப் பேசுவோம். நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம்: 20 பருவம், 1,564 ஆட்டம், 1,142 புள்ளி, கூட்டல் 450. ஏழு நாரிஸ், நான்கு கோப்பை. 2002இல் பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருதை வென்ற முதல் ஐரோப்பியர். 2008இல் கேப்டனாகக் கோப்பையை ஏந்தினார். 2006 ஒலிம்பிக் இறுதியில் ஃபின்லாந்துக்கு எதிராக வெற்றிக் கோல். 20 பருவத்திலும் தண்டனையாக வெளியே உட்கார்ந்தது மொத்தம் 514 நிமிடம். அடிக்காமல், விழாமல், மட்டையை மட்டும் சரியான இடத்தில் வைத்தே தடுத்தார். விழுந்து தடுப்பது கண்ணுக்கு விருந்து. விழ வேண்டிய நிலையே வராமல் பார்த்துக்கொள்வதுதான் மேலான கலை. சொந்த நாட்டிலேயே சால்மிங் இரண்டாமிடம் என்றால் உலகப் பத்தில் எப்படி?

#20 வடக்குவாசல்

தம்பி, ஸ்வீடனில் இரண்டாமிடம் என்பது உலகில் பத்துக்கு வெளியே என்று யார் சொன்னது? இங்கே வரிசை நீளம். லிட்ஸ்ட்ரோமுக்கு ஏழு நாரிஸ், எரிக் கார்ல்சனுக்கு மூன்று, விக்டர் ஹெட்மனுக்கு ஒன்று. 2023வரை 11 முறை அந்த விருது ஸ்வீடனுக்கு வந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் முன்னால் போய் அடிவாங்கியவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.

லிட்ஸ்ட்ரோமுக்கு “கோழை ஸ்வீடன்காரன்” பட்டம் கட்ட யாருக்கும் வாய் வரவில்லை. ஏன்? சால்மிங் வாங்கிய அடியில் அந்தப் பேச்சு செத்துவிட்டது. அமைதியாக ஆடும் உரிமையே அவருக்கு முன்னவர் சம்பாதித்துக் கொடுத்தது என்பேன். 1989 கோடையில் டெட்ராய்ட் செய்த இரண்டு காரியங்களைப் பாருங்கள். 38 வயது சால்மிங்கை ஒரு பருவத்துக்கு எடுத்தார்கள். லீகின் புது ஆட்டக்காரர் தேர்வில் 53ஆவது ஆளாக, 19 வயது லிட்ஸ்ட்ரோமையும் எடுத்தார்கள். டெட்ராய்டில் இருவரும் சேர்ந்து ஆட வாய்க்கவில்லை, லிட்ஸ்ட்ரோம் போவதற்குள் சால்மிங் இங்கே ஏஐகே அணிக்குத் திரும்பிவிட்டார். ஆனால் நாடுகள் மோதும் கனடா கோப்பைத் தொடரில், 1991இல், ஸ்வீடன் அணியில் இருவரும் ஒன்றாக ஆடினார்கள். ஒருவருக்கு 40, மற்றவருக்கு 21. அடுத்த ஆண்டு ஆல்பர்வில் ஒலிம்பிக்கிலும் சால்மிங் ஆடினார்.

இன்னொரு சான்று. 2008இல் சர்வதேச ஐஸ் ஹாக்கிக் கூட்டமைப்பு தன் நூற்றாண்டு அணியைத் தேர்ந்தெடுத்தது. தடுப்பாட்டக்காரர்கள் இருவர்: ரஷ்யாவின் ஃபெட்டிசொவ், சால்மிங். லிட்ஸ்ட்ரோம் அதில் இல்லை, ஓரும் இல்லை.

#21 கணக்கன்

அக்கா, அந்தப் பட்டியல் சர்வதேச ஆட்டங்களுக்கானது. ஓர் மூத்தோர் அளவில் நாட்டுக்காக ஆடிய ஒரே பெரிய தொடர் 1976 கனடா கோப்பை. அதிலும் முட்டி தேய்ந்த நிலையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அவரைச் சேர்க்காதது அந்தப் பட்டியலின் விதிமுறை. சால்மிங் ஓரை விடப் பெரியவர் என்று அதற்குப் பொருள் இல்லை.

“முன்னவர் சம்பாதித்துக் கொடுத்த உரிமை” என்ற வாதம் எனக்குப் புரிகிறது. அது வரலாற்றில் அவருக்கு உள்ள இடம். பனிமேல் ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடினார் என்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் போடுகிறீர்கள்.

#22 நீலக்கோடு

ஒரே தராசில்தான் போட வேண்டும். அவர் ஆடிய ஒவ்வோர் இரவும் எதிரணி அவருக்கென்று தனி ஏற்பாடு செய்து வந்தது. அந்த நிலையில் 1977இல் 78 புள்ளிகள், 1978இல் 76, 1979இல் 73, 1980இல் 71. 1975 முதல் 1980வரை ஆறு ஆண்டும் லீகின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ஸ்டார் அணியில் இடம். 1977இல் முதல் அணி, மற்ற ஐந்து ஆண்டும் இரண்டாம் அணி. (அணிக்கு இரண்டு தடுப்பாட்டக்காரர்கள்.) ஓரும் பொட்வினும் ராபின்சனும் பார்க்கும் ஆடிய காலத்தில் ஆறு ஆண்டு தொடர்ந்து முதல் நால்வரில் ஒருவர்! உங்கள் பார்க்கே அதில் எத்தனை ஆண்டு வெளியே நின்றார் என்று எண்ணிப் பாருங்கள்.

1976 கனடா கோப்பையைச் சொன்னீர்கள். லீஃப்ஸின் சொந்த அரங்கமான மேப்பிள் லீஃப் கார்டன்ஸில் ஸ்வீடன் சட்டையோடு அவர் பெயரை அறிவித்ததும் டொராண்டோ ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், நிறுத்தவே இல்லை. சொந்த நாட்டுக்குப் போட்டியாக வந்த அணியின் ஆளுக்கு!

#23 புதியவள்77

இடையில் ஒரு கேள்வி. 2022இல் அவரைக் களத்துக்கு அழைத்து வந்த காணொளி ஒன்று பார்த்தேன். கையைத் தூக்கக்கூட முடியாமல் நின்றார். அது என்ன நிகழ்ச்சி?

#24 தோட்டத்து ரசிகன்

ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய், தங்கச்சி. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து போகும். 2022 ஆகஸ்டில்தான் வெளியே அறிவித்தார்கள். நவம்பர் 11, 12 ஆகிய இரண்டு இரவுகள் ரொறன்ரோவுக்கு அழைத்து வந்தார்கள். அதற்குள் பேச்சு போய்விட்டது. பக்கத்தில் பழைய கூட்டாளி டேரில் சிட்லர். சால்மிங்கின் கையைப் பிடித்து உயர்த்தி அரங்கத்துக்குக் காட்டியவர் அவர்தான். இரண்டாம் நாள் ஆட்டத்தில் பயிற்சியாளர் ஷெல்டன் கீஃப் தொடக்க வரிசையில் ஸ்வீடன் ஆட்டக்காரர்களை நிறுத்தினார். அதே நாட்களில் ஹாக்கிப் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டவர்களில் ஆல்ஃபிரெட்சனும் செடின் இரட்டையரும் உண்டு. மூவரும் ஸ்வீடன்காரர்கள். 1996இல் அந்த மண்டபத்துக்குள் நுழைந்த முதல் ஸ்வீடன்காரர் சால்மிங். நவம்பர் 24 அன்று ஸ்வீடனில் காலமானார். வயது 71.

அரங்க வாசலில் அவர் சிலை நிற்கிறது. அவருடைய 21ஆம் எண்ணை 2016 முதல் லீஃப்ஸில் யாருக்கும் கொடுப்பதில்லை.

#25 கணக்கன்

அந்தக் காணொளியை நானும் பார்த்தேன். கல் நெஞ்சனையும் அழவைக்கும். அதற்காகப் பட்டியலை மாற்றுவதாக இல்லை.

என் வரிசை: ஓர், லிட்ஸ்ட்ரோம், ஹார்வி, போர்க், பொட்வின், ஷோர், ராபின்சன், ஃபெட்டிசொவ், செலியோஸ், பார்க். சால்மிங் 11 அல்லது 12. ஆல்-ஸ்டார் கணக்கை நீலக்கோடு சொன்ன பிறகு 15இலிருந்து இங்கே ஏற்றியிருக்கிறேன். இதற்கு மேல் ஒரு படி ஏற வேண்டுமென்றால் செலியோஸை யாராவது இறக்கிக் காட்டுங்கள்.

#26 நீலக்கோடு

செலியோஸ் மூன்று நாரிஸ், மூன்று கோப்பை. அவரை இறக்குவது கடினம், நானும் முயலப்போவதில்லை. இறக்க வேண்டியது பார்க்கை. சொந்தப் பகுதியில் ஒருவருக்கு ஒருவர் மோதும்போது சால்மிங்தான் மேல். 1975, 1977, 1979, 1980 ஆகிய நான்கு ஆண்டு ஆல்-ஸ்டார் வாக்கெடுப்பிலும் பார்க்கின் பெயர் முதல் நால்வரில் இல்லை, சால்மிங்கின் பெயர் இருந்தது. பதில் சொல்லுங்கள்.

#27 கணக்கன்

முட்டியில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டே ஆடியவர் பார்க். இரவு வேலை முடிந்து வந்து, ஆண்டுவாரியாகப் பதில் எழுதுகிறேன். ஓடிவிட மாட்டேன்.